ஒன்றாம் நம்பர் மைனா

கையை வைத்தாயிற்று. இனி எடுப்பதா, வைத்தபடியே நிற்பதா என்றுதான் வெள்ளிங்கிரிக்குத் தெரியவில்லை. மைனாவின் பானெட் சில்லென்று இருந்தது, காலைப் பனி இந்தத் தகரக் கொட்டகைக்குள்ளும் இறங்கியிருக்கும் போல. பின்னால் பூங்கொடி நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் சென்னை மோட்டார் மியூசியத்திலிருந்து வந்திருக்கும் பரசுராமன் நிற்கிறார், இரண்டு பேரும் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடுகிறார்கள், என்னவோ தான் கை வைத்துக் குறி சொல்லப் போகிறவன் மாதிரி. சொல்ல வேண்டிய பொய் ஒரே ஒரு சொல். இல்லை. இது அந்த வண்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அந்தச் சொல்லைப் புகையிலையை அடக்கிக்கொள்வது போலக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். சாப்பிடும்போதும் அது அங்கே இருந்தது, படுக்கும்போதும் இருந்தது. சொல்லிவிட்டால் நாச்சிமுத்து என்கிற பேருக்கு முன்னால் இத்தனை வருசம் ஒட்டிக்கொண்டிருந்த பட்டம் உதிர்ந்துவிடும், முதல் மைனாவின் சொந்தக்காரராம், செத்து ஒரு வருசம் ஆனவனுக்கு அது வலிக்கவா போகிறது, வலிக்காது, ஆனால் தனக்கு ஆறும். எங்கே எரிகிறது என்று இப்போது கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எங்கேயோ. அவன் பெற்ற பெண்ணே வந்து கேட்டாள், "ஏனுங் மாமா, நீங்க வந்து ஒருக்காப் பாத்துச் சொல்லோணுமுங்க. மோட்டார் மியூசியத்துல வெக்கறமுன்னு கேக்கறாங்க, ஆனா முதல் வண்டிதான்னு உறுதியாத் தெரியோணுமாம். அந்தக் கம்பெனியில வேலை செஞ்சவங்கள்ல இப்ப உசுரோட இருக்கறது நீங்க ஒருத்தருதானுங்க." அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் மற்றதையும் சொன்னாள், "அப்பா போறதுக்கு முன்னாடி சொன்னாருங்க. யாராச்சும் இது முதல் வண்டிதானான்னு கேட்டா மாமனைக் கூட்டிட்டு வந்து காட்டு, அவரு என்ன சொல்றாரோ அதுதான், அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதேன்னு." திமிர். சாகும்போதும் திமிர். வெள்ளிங்கிரி என்ன சொல்வான் என்பது அவனுக்குத் தெரியுமாம். இரு, சொல்கிறேன் பார் என்றுதான் இன்றைக்குச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் கை பானெட்டில் கிடக்கிறது. கைக்கு வன்மம் தெரியவில்லை. முன்விளக்கைச் சுற்றி ஓடும் அந்த மஞ்சள் வளையத்தின் ஓரத்தை விரல் தானாகப் போய்த் தடவுகிறது, அந்த வளையத்தை வைத்துத்தான் சின்ன முதலாளியின் சம்சாரம் வண்டிக்கு மைனா என்று பேர் வைத்தது, பாருங்க கண்ணைச் சுத்தி மஞ்சளு என்று. சிங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு பஞ்சு அரைக்கும் கொட்டகையில் சின்ன முதலாளி ஆரம்பித்த கம்பெனி, நொய்யல் மோட்டார் என்று பலகை. மில் முதலாளிக்கு இளைய மகன், சொந்தமாக ஒரு சின்னக் கார் செய்து ஊரே ஓட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மூன்று வருசம் அந்த ஆசை உயிரோடு இருந்தது. மர அச்சின்மேல் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு கொண்டுவருவது வெள்ளிங்கிரியின் வேலை, இஞ்சின் நாச்சிமுத்துவின் வேலை. நாச்சிமுத்து பத்தாவது படித்தவன், இவர் மூன்றாவதோடு நின்றவர், ஆனாலும் ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்டார்கள். ஒரே போசி. தங்கச்சி வேலாத்தாளைக் கட்டிக்கொள்கிறாயா என்று இவரே கேட்டார், அந்தப் போசியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டார், அவன் கழுவுவதை நிறுத்தாமலே, "உன்ற தங்கச்சி உன்னையாட்டக் கோவிச்சுக்குமா மச்சான்?" என்றான். கோவித்துக்கொள்ளாது. அவள் யாரையும் கோவித்துக்கொண்டதில்லை. முதல் மைனாவுக்குக் கதவு மாட்டுவதற்கு முந்தின நாள், இடப்பக்கக் கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி நீளமாக ஓடும் சட்டத்தை வெல்டிங் வைத்து ஒட்டி மூடப் போகும்போது சின்ன முதலாளி ஓடி வந்தார், "ஏம்ப்பா, ஊட்டு வாசலுக்கு நிலவு வெக்கறப்போ அடியில காசு போடறமல்ல, வண்டிக்கும் இதுதான நிலவு, ஏதாச்சும் போட்டு மூடுங்க." எல்லாரும் பையைத் தடவினார்கள். வேலைக்கு வருகிறவன் பையில் பீடியும் தீப்பெட்டியும்தான் இருக்கும். வெள்ளிங்கிரி அரைஞாண் கயிற்றிலிருந்து அந்த ஓட்டைக் காலணாவை அவிழ்த்தார். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா கட்டிவிட்டது, நடுவில் ஓட்டை போட்ட செம்புக் காசு, கட்டின கை போய் வெகு நாளாயிற்று, காசு மட்டும் இடுப்பில் சூடாக இருந்தது. "காசைக் கழட்டினே சரி மச்சான், கயித்தை உட்றாதே, வேட்டி நிக்காது" என்றான் நாச்சிமுத்து, கொட்டகையே சிரித்தது, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காசு சட்டத்துக்குள் விழுந்தது, கிணிங் என்று. அவரே ஒட்டி மூடினார். வேலாத்தாளுக்குத் தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது, "அம்மா காசையா போட்டே அண்ணா?" என்றாள். "எங்கியும் போகாது போ. ஓடிட்டே இருக்கும்" என்றார். ஓட்டிப் பார்த்த அன்றைக்குப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் உள்ளே கிணுங்கியது. சின்ன முதலாளி ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கொலுசு போட்ட வண்டி, கொலுசு போட்ட வண்டி என்று. பிறகு வந்த வண்டிகளுக்கெல்லாம் மஞ்சளும் குங்குமமும் மட்டும்தான். காசு அந்த ஒன்றுக்கு மட்டும்.

அந்த ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டான். இப்போது நினைத்தாலும் அதே ஜன்னல்தான் கண்ணில் வருகிறது. கம்பெனி படுத்துவிட்டது, வாசலில் கோர்ட்டு நோட்டீசு ஒட்டியாயிற்று, ஜப்திக்குக் கோர்ட்டு அமீனா வந்து ஒன்றாம் நம்பர் வண்டி எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போயிருந்தார், அதை மட்டும் கட்டாயம் எடுத்துப் பூட்டுவார்கள் என்று பேச்சு. ஒன்றும் இரண்டும் விற்காமல் கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ஒரே சந்தன நிறம், ஒரே வளைவு, இரண்டுமே இவர் தட்டியது, கூடப் பிறந்தவை மாதிரி. சாயங்காலம் சுத்தியலை எடுத்துக்கொள்ளலாம் என்று போனவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நாச்சிமுத்து இரண்டு வண்டிக்கும் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறான், ஒரு கையில் திருப்புளி, ஒரு கையில் ஒன்று என்று வெட்டின பித்தளைத் தகடு, அதை வேட்டியில் துடைத்துக்கொண்டிருக்கிறான். ஆளைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தான், முகம் வெளிறிப்போய். "மச்சான், இப்ப ஒண்ணும் கேக்காதே. பொறவு சொல்றேன்." கேட்கவில்லை. இவர் ஏன் கேட்கிறார்? தகடு யார் கையில் இருந்தது என்று பார்த்தாயிற்று, ஒன்றாம் நம்பரை அவன் தனக்கென்று குறி வைத்துவிட்டான். கொஞ்ச நாளில் ஒரு லாரி வந்து இவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு மைனாவை இறக்கிவிட்டுப் போனது, இவர் வேலைக்குப் போயிருந்த நேரம், வந்து பார்த்தால் தகட்டில் இரண்டு. சின்ன முதலாளியிடம் கேட்டு நாச்சிமுத்து அனுப்பி வைத்தானாம். அம்மாவின் காசு கிடக்கிற வண்டியைக் கோர்ட்டு ஏலத்தில் தான் எடுத்துக்கொள்ள ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பிச்சையாகப் போட்டிருக்கிறான். அன்றைக்குச் சொன்னார், அந்த வண்டிக் கதவை என் கை தொடாது என்று. தொடவும் இல்லை. ஒரு தரம்கூட. வெய்யில் தின்றது, மழை தின்றது, கண்ணாடி உடைந்தது, கோழி அடைந்தது. சம்சாரம் கண்ணம்மாதான் அதற்குள் குனிந்து முட்டை பொறுக்குவாள், கட்டின நாளிலிருந்து அவளுக்குப் புருசனுக்கு அடுத்தபடி அந்த வண்டியோடுதான் பாடு. காசு விசயம் அவளுக்குத் தெரியாது, அதை யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் ஆறிப்போகும் என்று உள்ளேயே வைத்திருந்தார். வேலாத்தாள் வாசலுக்கு வந்து, "அண்ணா, அவரு ஒண்ணு சொல்லச் சொன்னாரு, ஒரே ஒரு வார்த்தை" என்று நின்றபோது, "அவம் பேச்சை எடுத்தா இந்த வாசப்படி மிதிக்காதே" என்று கதவைச் சாத்தியதும் இந்தக் கைதான். பூங்கொடி பெரியவளானபோது தாய்மாமன் சீருக்கு ஆள் மேல் ஆள் விட்டார்கள். போகவில்லை. மாமன் உட்காரும் நாற்காலியில் புதுத் துண்டை விரித்துப் போட்டு, பந்தி முடிகிற வரைக்கும் யாரையும் அதில் உட்கார விடவில்லையாம் நாச்சிமுத்து. ஊர் பார்க்க நாடகம் என்று இவர் அன்றைக்குக் காறித் துப்பினார்.

"மாமா, நிக்க முடியலீன்னா உக்காருங்க, சேர் போடட்டுங்களா?" என்றாள் பூங்கொடி. வேலாத்தாளின் குரல் இவளுக்கு எப்படி வந்தது. "வேண்டாங் கண்ணு" என்றார். பரசுராமன் மெல்லப் பக்கத்தில் வந்தார், நல்ல மனுசர்தான், கையில் காந்தத்தை வைத்துக்கொண்டு நேற்று முழுக்க வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாராம், காந்தம் எங்கேயாவது நழுவினால் அங்கே உள்ளே பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம், எங்கேயும் நழுவவில்லையாம். "பாடி அப்படியே கம்பெனிப் பாடிங்கய்யா. இந்த மாதிரி ஒரு வளைவை நான் பார்த்ததில்லை, உங்க கைதான்னு சொன்னாங்க. ஒரே ஒரு விசயம்தான் உறுத்துது. நம்பர் தகடு பழசு, ஆனா அதோட நாலு ஸ்குரூவும் பின்னாடி போட்டது. ஒரு தடவை கழட்டி மறுபடி மாட்டியிருக்காங்க. அதனாலதான் நேர்ல பார்த்தவங்க ஒருத்தர் சொன்னா நிம்மதின்னு." கழற்றினானா. துடைத்து வைத்திருப்பான், வருசா வருசம் ஆயுத பூசைக்குக் கழற்றித் துடைத்து மாட்டியிருப்பான், பெருமைக்காரன். சொல்லிவிடலாம். இல்லை என்று சொல்ல இதைவிட நல்ல இடம் வராது, ஸ்குரூவே சாட்சி சொல்கிறது. வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்த ஆசை வந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் அதைக் கேட்டுவிட வேண்டும். பொய் சொல்லப் போகிறவன் காதில் ஒரு தரம் உண்மை விழட்டும். இத்தனை வருசம் அந்தச் சத்தத்தை நினைத்துத்தான் எரிந்தது, எதிரே நிற்கும்போது கேட்காமல் போவதா? "இந்தப் பக்கம் மட்கார்டைப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்தி உடுங்க தம்பி" என்றார். பரசுராமன் அழுத்தினார். வண்டி தாழ்ந்து எழுந்தது. வெள்ளிங்கிரி கதவோரம் காதைச் சாய்த்திருந்தார். ஸ்பிரிங் முனகியது. அவ்வளவுதான். "இன்னொருக்கா." முனகியது. "நல்லாக் குலுக்குங்க." பூங்கொடியும் வந்து பிடித்தாள், இரண்டு பேரும் தொட்டிலை ஆட்டுவது போல ஆட்டினார்கள், கொட்டகைத் தகரத்தில் உட்கார்ந்திருந்த புறா எழுந்து பறந்தது, அந்தச் சிறகுச் சத்தம் கேட்டது, தெருவில் யாரோ கீரை விற்கிற சத்தம் கேட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது. "ஏம் பூங்கொடி, இதை ஓட்டறப்போ பள்ளத்துல உட்டா எங்கியாச்சும் கிணுங்குமா?" "இல்லீங் மாமா. சின்னதா ஒரு சத்தங்கூடக் கேக்காதுங்க." எடுத்துவிட்டான். சட்டத்தை அறுத்துக் காசை எடுத்துவிட்டான், பாவி, அதையும் விட்டுவைக்கவில்லை. அந்த வயதிலும், யாரும் பிடிப்பதற்கு முன்னால் அவர் தரையில் முழங்காலை ஊன்றிவிட்டார், ஒரு கையைக் கதவுக்கு அடியில் விட்டார், சட்டத்தின் அடி ஒட்டில் விரலை ஓட்டினார், முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை. அறுக்கவில்லை. திறக்கவில்லை. தான் ஒட்டின ஒட்டு தன் விரலுக்குத் தெரியும், மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே ஓட்டமாக ஓடுகிறது, கம்பெனியில் அன்றைக்கு மூடினது மூடினபடி இருக்கிறது. திரும்ப முன்னாலிருந்து ஓட்டினார். மூடினபடிதான். எடுக்கவில்லை என்றால் உள்ளே இருக்க வேண்டும். இருந்தால் கிணுங்க வேண்டும். கிணுங்கவில்லை என்றால்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. இதற்குள் காசு போடவே இல்லை. இது இரண்டாவது. இது அந்த வண்டி இல்லை. மூன்று நாளாகக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த பொய் உண்மையாகிப் பல்லில் கடிபட்டது. அப்படியானால் அது எங்கே, அம்மாவின் காசு எங்கே என்று கேட்கும்போதே கண்ணம்மா பதில் சொன்னாள், போய்ச் சேர்ந்துவிட்ட கண்ணம்மா, முட்டைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, கோழி உள்ள குதிச்சா எங்கியோ கிணுங்குதுங்க. கொலுசாட்ட. ஒருக்கா வந்து கேளுங்களேன்." என்ன சொன்னார்? "உங்கொண்ணன் நாச்சிமுத்து கோழிக்குக் கொலுசு போட்டு உட்டிருப்பான், போ." கொலுசாட்ட. கொலுசாட்ட என்றே சொன்னாளே, சின்ன முதலாளி சொன்ன அதே சொல்லை, அந்தக் கொட்டகையையே பார்க்காதவள். காதில் விழுந்த சொல் ஏன் இறங்கவில்லை, இத்தனை வருசம் எங்கே உட்கார்ந்திருந்தது அது? பத்தடி. பின்கதவிலிருந்து பத்தடி இருக்குமா? பல் விளக்கும்போது அதைப் பார்த்துத்தான் துப்புவார். கதவைத் திறந்து ஒரு தரம் உட்கார்ந்திருந்தால் போதும், ஒரு தரம் கோபத்தில் எட்டி உதைத்திருந்தால்கூடப் போதும், அது கூப்பிட்டிருக்கும். அமீனா ஒன்றாம் நம்பரைப் பூட்டிவிடுவார் என்றுதான் தகட்டை மாற்றியிருக்கிறான். ஜன்னல் வழியாகப் பார்த்தது திருட்டு இல்லை. உள்ளே காசு கிடக்கிற வண்டிக்கு இரண்டு என்று வேசம் போட்டு மச்சான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான், கோர்ட்டை ஏமாற்றினதை வெளியே சொல்ல முடியாது, சொல்லவேண்டிய ஒருவனிடம் சொல்ல வேலாத்தாளை அனுப்பியிருக்கிறான், ஒரே ஒரு வார்த்தை என்று வந்து நின்றவளை. வேண்டாம், அதற்கு மேல் நினைக்க வேண்டாம் என்று வெள்ளிங்கிரி தலையை ஆட்டினார். ஆனால் நினைப்பு நிற்கவில்லை, அது இறக்கத்தில் விட்ட வண்டி மாதிரி போய்க்கொண்டிருந்தது. கோர்ட்டு பூட்டி வைத்த ஒன்றாம் நம்பரை வெகு வருசம் கழித்து ஏலம் விட்டார்கள், நாச்சிமுத்து எடுத்தான், பேப்பரில் படம் போட்டார்கள், வண்டிமேல் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வராமல் நேரே உக்கடம் போனார், பழைய இரும்பு எடுக்கிறவனைக் கையோடு கூட்டி வந்தார். எடுத்துட்டுப் போ. விலையைப் பத்திப் பேச்சில்லை, அதை வெட்டிப் போடோணும், அதுதான் எனக்கு வேணும். கயிறு கட்டி நாலு பேர் லாரியில் தள்ளி ஏற்றும்போது உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். கண்ணம்மா உள்ளே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏத்தறப்போகூடக் கிணுங்குச்சுங்க. அழுவறாப்பல இருந்துச்சு." வாயை மூடு என்றார். அவள் மூடிக்கொண்டாள். எல்லாரையும் மூட வைத்தார். அதற்குப் பிறகு நாலைந்து நாள் இருக்கும், வேலாத்தாள் வந்தாள், வராதே என்று சொன்ன வாசப்படியைச் சுற்றிக்கொண்டு கண்ணம்மாவைப் பார்க்கப் பின்பக்கமாக வந்தாள், கையில் மஞ்சள் துணியில் எதையோ சுற்றி எடுத்து வந்தாள், அளவில் சின்னது, பலகாரம் என்று அவர் நினைத்தார். சமையலறைச் சந்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்ற இடத்தில் புல் வெளுத்துப்போய் ஒரு கட்டம். அவள் அதைப் பார்த்தாள். கண்ணம்மா ஏதோ சொன்னாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள் வேலாத்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. தண்ணீர் கொடுத்ததையும் குடிக்கவில்லை. எழுந்து, அந்தத் துணி மூட்டையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போனாள். தன் புருசன் போட்ட பிச்சையை அண்ணன் விற்றுவிட்டான் என்று அவளுக்கு அவமானம், நன்றாக வேண்டும் என்று அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். பலகாரமா அது? நாலு ஸ்குரூவும் பின்னாடி போட்டது என்கிறாரே இந்தத் தம்பி. தகட்டைக் கழற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான், கோர்ட்டுப் பயம் தீர்ந்தது, மச்சான் வண்டியில் கொண்டுபோய் மாட்டு என்று. அவள் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் அவனிடம் என்ன சொல்லியிருப்பாள்? அண்ணன் வெட்டிப் போட்டுடுச்சுன்னா? அதற்குப் பிறகு அவர்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆளே அனுப்பவில்லை. நின்றுபோயிற்று. வீம்பு என்று நினைத்தார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு வாயைக் கட்டியிருக்கிறார்கள், தகட்டைத் திரும்ப மாட்டி, இதுதான் முதல் வண்டி என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி, இவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று. தெரிந்தால் தாங்க மாட்டான் என்று. வேலாத்தாள் கண்ணை மூடிய அன்றைக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு மயானத்து இரும்புக் கதவு வரை போனார். கதவுக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து தெரிந்தான், மொட்டை அடித்துக்கொண்டு, இவரைப் பார்த்துவிட்டு ஒரு அடி எடுத்து வைத்தான். இவர் திரும்பிவிட்டார். அந்தப் புடவை இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, மடிப்பு கலையாமல்.

"மாமா, ஏனுங், என்ன பண்ணுது?" பூங்கொடி தோளைப் பிடித்திருந்தாள். தரையில் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது, சலவை வேட்டியில் கிரீஸ். "ஒண்ணுமில்லெ. காலு மரத்துப்போச்சு." இரண்டு பேரும் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். சிரிப்பு வரும் போல இருந்தது, பொய் சொல்ல வந்தவனுக்கு உண்மையே அந்தச் சொல்லை எடுத்துக் கையில் கொடுக்கிறது, சொல்லேன், இல்லை என்று சொல்லேன், இப்போது சொன்னால் பாவம்கூட இல்லை. யாராச்சும் கேட்டா மாமனைக் கூட்டிட்டு வந்து காட்டு. அவரு என்ன சொல்றாரோ அதுதான். அவனுக்குத் தெரியும், விரல் ஒட்டைத் தடவிப் பார்க்கும் என்று. தான் போன பிறகு பார்க்கட்டும் என்று இருந்திருக்கிறான், எதிரே இருந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான் என்றா? மாப்ளே, இருந்திருக்கலாமே. ஒரு வருசம் இருந்திருக்கலாம். பரசுராமன் காத்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை. பூங்கொடி மாமனின் வேட்டியில் ஒட்டிய மண்ணைக் குனிந்து தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், சீருக்கும் வராத, கல்யாணத்துக்கும் வராத மாமனின் வேட்டியை, அவள் அம்மாவைக் கடைசியாகப் பார்க்காமல் மயானக் கதவோடு திரும்பிப் போனவனின் வேட்டியை. அவள் தலையில் நரை. அவளுக்கு இந்த வண்டி அப்பன் முகம். வெள்ளிங்கிரி பானெட்டில் மறுபடி கையை வைத்தார். இதுவும் தான் தட்டினதுதானே, இதன் மேலும் ஒரு குற்றமும் இல்லை. "இதேதான் தம்பி" என்றார். கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "இதேதான் ஒண்ணாம் நம்பரு. நாந்தான் பாடி அடிச்சேன், என்ற மச்சான்தான் இஞ்சின் பூட்டினான். தகட்டை அவன் தொடச்சு மாட்டியிருப்பான், அதுக்கெல்லாம் ஒண்ணுமில்லெ." "நிச்சயமாத்தானுங்களா ஐயா? எழுதிக்கலாமா?" "எழுதிக்கங்க. அவம் பேரைப் பெருசா எழுதுங்க." பூங்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா பேப்பர்காரங்க யாரு வந்தாலும் அதைத்தானுங் சொல்வாரு. முதல் வண்டி, என்ற மச்சான் வெள்ளிங்கிரி அடிச்ச பாடின்னு. உங்க பேரைச் சொல்லாமப் படம் புடிக்க உடமாட்டாருங்க." பேப்பரில் அதையெல்லாம் போடவில்லை. அல்லது போட்டிருந்தார்கள், மூன்றாவது வரை படித்தவன் படத்தை மட்டும் பார்த்தான்.

"ஏறுங் மாமா, நம்ம பிள்ளையார் கோயில் வரைக்கும் ஒரு சுத்துப் போய்ட்டு வரலாமுங். அப்பா போனதுக்குப் பொறவு ஸ்டார்ட் பண்ணி வெக்கறதோட சரி, வெளியே எடுக்கவேயில்லெ. ஓட்டறதுக்கு அவருதான் சொல்லிக் குடுத்தாருங்க." வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, இத்தனை வருசப் பழக்கம். அதற்குள் கை கதவைத் திறந்துவிட்டது. இவ்வளவு சுலபமாகத் திறக்கிறது. டொக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்ததும் பழைய ரெக்சின் வாசனையும், அடியில் லேசாக எண்ணெயும், அதற்கும் அடியில் யாரோ போட்டுக்கொண்டு வந்த திருநீறு வாசனையும் வந்தன. ஓர் ஆள் வெகுகாலம் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமான டிரைவர் சீட்டில் பூங்கொடி ஒரு தலையணையைப் போட்டு ஏறிக்கொண்டாள். இஞ்சின் ஒரே உதறலில் எடுத்தது, நாச்சிமுத்துவின் இஞ்சின், இருமல் இல்லாத இஞ்சின். தெருவில் வெய்யில். கீரைக்காரம்மாள் ஒதுங்கி நின்று பார்த்தாள். அந்தச் சத்தம் வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் காது தானாகக் கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. எங்கே உருக்கினார்களோ, எந்த ஊரில் கம்பியாகவோ ஆணியாகவோ இப்போது எந்தச் சுவருக்குள் இருக்கிறதோ, செம்பு தனியாகப் பிரிந்திருக்கும், யாராவது பார்த்து எடுத்திருப்பார்களா, எடுத்து ஒரு பிள்ளையின் இடுப்பில் கட்டியிருப்பார்களா? "மாமா, என்னமோ கிணுங்குமான்னு கேட்டீங்களே, என்னதுங்க அது?" பூங்கொடி ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவர் சொன்னார். முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னார், அம்மாவின் காசையும், அரைஞாண் கயிற்றையும், வேட்டி நிக்காது என்று அவள் அப்பன் சொன்னதையும், கொட்டகையே சிரித்ததையும். அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அப்போ உங்கம்மா, என்ற அம்மாயி, அவுங்க காசு இதுக்குள்ளதான் கெடக்குதுங்களா? எனக்கு ஒருக்காக்கூடக் கேட்டதில்லையே மாமா." கோயிலுக்கு முன்னால் வேகத்தடை வந்தது. அவள் வேகத்தைக் குறைத்து மெல்ல ஏற்றினாள், வண்டி எழுந்து இறங்கியது, ஸ்பிரிங் முனகியது, அடங்கியது. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். "இப்போ கேக்குதுங்களா மாமா?" வெள்ளிங்கிரி கதவின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். "கேக்குது கண்ணு" என்றார். "நல்லாக் கேக்குது. நீ மெதுவாவே போ."